டிக்கெட்டின் பின்னால் 7 ரூபாய்: சில்லறைக்குப் பதில் காகிதம் வந்தால், அந்தக் காசுக்கு யார் பொறுப்பு?

போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் 50 ரூபாய் நீட்டினேன். டிக்கெட் 23 ரூபாய். கண்டக்டர் ஒரு 20 ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு, டிக்கெட்டைத் திருப்பி, பேனாவால் '7' என்று எழுதி வட்டம் போட்டார். "சில்லறை இல்ல தம்பி, இறங்கும்போது கேட்டு வாங்கிக்கோ."

சரி என்று தலையாட்டினேன். காதில் இயர்போன். என் நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டேன். அலுவலக லிஃப்டில் பாக்கெட்டைத் துழாவியபோதுதான் அந்த டிக்கெட் கையில் அகப்பட்டது.

7 ரூபாய்தானே? அதற்காக யாரும் டெப்போ வரைக்கும் போகப்போவதில்லை. ஆனால் அந்த டிக்கெட்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒருவர் இன்னொருவருக்குத் தர வேண்டிய தொகை, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அது ஒரு குட்டிக் கடன் பத்திரம். என்ன ஒன்று, அந்த பஸ்ஸுக்குள் மட்டும்தான் செல்லும். நான் இறங்கும் வரைதான் செல்லும்.

சில்லறை கிடைக்காத காலங்களில் இப்படிக் காகிதத்தில் எழுதிச் சமாளித்தது நம்ம ஊர் கண்டக்டர்கள் மட்டுமில்லை. வங்கிகள், நகராட்சிகள், சமஸ்தானங்கள், ஏன், அரசாங்கங்களே செய்திருக்கின்றன. அந்தக் கதைகளைப் படித்தால் ஒரு விஷயம் புரிகிறது. காசுக்குப் பதில் காகிதம் வருவது தப்பில்லை. அந்தக் காகிதத்தை நீட்டினால் காசு தர வேண்டிய கடமை யாருக்கு என்பதுதான் கேள்வி. இன்று நம் மொபைலில் இருக்கும் பல 'வாலட்'களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சில்லறை ஏன் காணாமல் போகிறது?

500 ரூபாய் நோட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் ஐந்து 100 ரூபாய் நோட்டுகளை வைத்துச் சமாளிக்கலாம். 1 ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்தால்? 500 ரூபாய் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுக்க முடியாது. சின்னது பெரியதன் வேலையைச் செய்யும், பெரியது சின்னதன் வேலையைச் செய்யாது. அதனால்தான் நாட்டில் பணம் ஏராளமாக இருக்கும்போதும் சில்லறை மட்டும் தீர்ந்துபோக முடிகிறது. பொருளாதார அறிஞர்கள் தாமஸ் சார்ஜென்ட்டும் ஃபிரான்சுவா வெல்டேயும் இந்தச் சில்லறைப் பிரச்சினைக்காகவே 2002-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள்.

தட்டுப்பாட்டுக்குப் பொதுவாக மூன்று காரணங்கள்.

ஒன்று, நாணயத்தில் இருக்கும் உலோகத்தின் விலை, அதில் அச்சிட்டிருக்கும் மதிப்பைவிட ஏறிவிடுவது. அப்போது காசை உருக்கி விற்பதில் லாபம். 2007-ல் கிழக்கிந்தியாவில் நாணயத் தட்டுப்பாடு வந்தபோது, நம் ஒரு ரூபாய்க் காசுகள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு ஷேவிங் பிளேடாக மாறுவதாகச் செய்திகள் வந்தன. அசாமில் சில தேயிலைத் தோட்டங்கள் தொழிலாளர்களுக்குக் காசுக்குப் பதில் அட்டைத் துண்டுகளைக் கொடுக்க ஆரம்பித்ததாகவும் அப்போதே செய்தி வெளியானது.

இரண்டு, பயம். போர் வந்தால் மக்கள் காகித நோட்டை நம்பாமல் உலோகக் காசைப் பதுக்குவார்கள்.

மூன்று, நாணயச்சாலையின் வேகம். விலைவாசி ஏற ஏற சின்னக் காசின் தேவையும் செலவும் மாறுகிறது. அரசு அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் கடைக்காரரின் கல்லாப்பெட்டி காலி.

ஓட்டைக் காலணா காலம்

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் 'ஓட்டைக் காலணா' பற்றிக் கேட்டுப் பாருங்கள். நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காசு அழகுக்காக வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் உலோகத்தை மிச்சப்படுத்த, பிரிட்டிஷ் இந்திய அரசு 1943-ல் அதை வெளியிட்டது.

அதற்கும் முன்பே, 1940-ல் வெள்ளி ரூபாயை மக்கள் பதுக்க ஆரம்பித்தார்கள். அரசு ஒரு ரூபாய் நோட்டைக் களமிறக்கியது. அதற்கு முன்னோடியும் உண்டு. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, 1917 நவம்பர் 30-ல்தான் இந்தியாவில் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அடுத்த ஆண்டு இரண்டரை ரூபாய் நோட்டுகூட வந்தது.

ஒரு ரூபாய் நோட்டு இன்றும் செல்லும். அதை அடுத்த முறை பார்த்தால் கவனியுங்கள். மற்ற நோட்டுகளில் இருக்கும் ரிசர்வ் வங்கி ஆளுநரின் வாக்குறுதி அதில் இருக்காது. நிதித்துறைச் செயலாளர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். 2011 நாணயச் சட்டத்தின்படி அது 'நாணயம்' என்ற கணக்கில் சேரும். அதாவது, சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகப் பிறந்த அவசரக் காகிதம் ஒன்று சட்டத்தின் பார்வையில் காசாகவே நிலைத்துவிட்டது!

அது அரசாங்கத்தின் கதை. சமஸ்தானங்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிகானேர், ஜூனாகத், மோர்வி, நவாநகர், சைலானா என்று மேற்கு, மத்திய இந்திய சமஸ்தானங்கள் பலவும் சொந்தமாகச் சில்லறைக் கூப்பன்கள் அச்சிட்டன. பைசா, அணா கணக்கில் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள். கடையில் உப்பு புளி வாங்க உதவின. ஆனால் அந்தந்த சமஸ்தான எல்லைக்குள்தான் மதிப்பு. எல்லையைத் தாண்டினால் வெறும் அட்டை. என் பஸ் டிக்கெட் மாதிரியேதான்.

பக்கத்தில் இலங்கையில் வேறு ஒரு யோசனை செய்தார்கள். 1942-ல் அன்றைய சிலோன் அரசு 5, 10, 25, 50 சத நோட்டுகளை வெளியிட்டது. அதில் 5 சத நோட்டு சுவாரஸ்யமானது. நடுவில் வரிசையாகத் துளைகள். தபால் தலையைக் கிழிப்பது போலக் கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். நோட்டைக் கிழித்துச் சில்லறை கொடுக்க முடியாது என்று மேலே சொன்னேன் இல்லையா? இங்கே அரசே கிழிக்கச் சொல்லிக் கொடுத்தது. அரசு பொறுப்பேற்ற காகிதம் என்பதால் எந்தத் துண்டும் வீணாகவில்லை.

இத்தாலி: மிட்டாயிலிருந்து மினி காசோலைக்கு

இது நடந்தது போர்க் காலத்தில் இல்லை. 1970-களின் நடுப்பகுதி. கார் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடு. ஆனால் கடையில் 50 லிரா, 100 லிரா காசு இல்லை. நாணயச்சாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

கடைக்காரர்கள் முதலில் என்ன செய்தார்கள்? நம்ம ஊர் மளிகைக் கடை செய்ததைத்தான். மிட்டாய் கொடுத்தார்கள். தபால் தலை கொடுத்தார்கள். பொதுத் தொலைபேசியில் போடும் டோக்கன் காசு போலவே கை மாறியது.

1975 டிசம்பரில் டூரின் நகரின் சான் பவுலோ வங்கி ஒரு வழி கண்டுபிடித்தது. சட்டப்படி நோட்டு அச்சிடும் உரிமை மத்திய வங்கிக்குத்தான். ஆனால் காசோலை எழுத எந்த வங்கிக்கும் உரிமை உண்டே? 100, 150, 200 லிரா என்று சின்னத் தொகைக்கு, சின்ன அளவில் காசோலை அச்சிட்டார்கள். வணிகர் சங்கம் போன்ற ஏதாவது ஓர் அமைப்பின் பெயருக்கு எழுதி, பின்னால் மேலெழுத்தும் முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். மேலெழுத்து இருந்தால் காசோலை கைமாறலாம். ஆக, பேருக்குக் காசோலை, நடைமுறையில் நோட்டு! மக்கள் வைத்த பெயர் 'மினி காசோலை'.

மற்ற வங்கிகளும் குதித்தன. மூன்று ஆண்டுகளுக்குள் 800-க்கும் மேற்பட்ட வகைகள் புழக்கத்துக்கு வந்தன. கடைகளும் சங்கங்களும் தங்கள் பங்குக்குச் சொந்தக் கூப்பன்களை வெளியிட்டன.

இங்கேதான் ஒரு நுணுக்கம். மினி காசோலை மெல்லிய காகிதம். பத்துப் பதினைந்து கை மாறினால் கிழிந்துவிடும். 100 லிராவுக்காக வங்கி வரிசையில் நிற்க யாருக்கு நேரம்? வேறு சிலர் ஆல்பத்தில் ஒட்டிச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கிழிந்ததும் ஆல்பத்துக்குப் போனதும் வங்கிக்குத் திரும்பவில்லை. திரும்பாத ஒவ்வொரு காசோலையும் வங்கிக்கு நிகர லாபம். சாதாரணக் கடனில் வட்டியாவது கிடைக்கும். இது மக்கள் வங்கிக்குக் கொடுத்த, வட்டியும் இல்லாத, அசலும் திரும்பாத கடன்.

1977-ல் 200 லிரா நாணயம் வந்தது, நாணயச்சாலையும் வேகமெடுத்தது. 1978 முடிவதற்குள் மினி காசோலைகள் மறைந்தன.

ஜெர்மனி: திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்தால்?

இத்தாலியில் தற்செயலாக வந்த லாபத்தை, ஜெர்மனியில் திட்டம் போட்டே சம்பாதித்தார்கள்.

முதல் உலகப் போரில் செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போயின. சில்லறை மறைந்தது. நகராட்சிகளும் ஆலைகளும் 10, 25, 50 பென்னிக் மதிப்பில் 'நோட்கெல்ட்' என்ற அவசரப் பணத்தை அச்சிட்டன. ஆரம்பத்தில் நல்ல எண்ணம்தான். தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கணும், அவர் ரொட்டி வாங்கணும்.

போர் முடிந்த பிறகு கதை மாறியது. இந்த நோட்டுகளைச் சேகரிக்க ஒரு பெரிய கூட்டம் கிளம்பியது. சேகரிப்பவர் நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து காசு கேட்கமாட்டார் என்பது ஊர் நிர்வாகங்களுக்குப் புரிந்துவிட்டது. 1920 முதல் 1922 வரை வண்ண வண்ணத் தொடர்களாக நோட்டுகள் வந்து குவிந்தன. ஹாமெலின் நகரம் குழலூதி எலி பிடித்தவன் கதையை அச்சிட்டது. பீலஃபெல்ட் நகரம் பட்டுத் துணியிலேயே அச்சிட்டது. சில ஊர்களின் நோட்டுகளில் 'இந்தத் தேதி வரைதான் செல்லும்' என்று போட்டிருந்த தேதி, நோட்டு வெளியாவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது! கடைசியில் 1922-ல் அரசு தலையிட்டுத் தடை போட்டது.

பாடம் எளிமையானது. திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தால், கொடுப்பவர் இன்னும் அதிகமாக அச்சிடுவார்.

அமெரிக்கா: அரசே முன்வந்தபோது

1862. உள்நாட்டுப் போர். வெள்ளிக் காசு காணோம். மக்கள் தபால் தலையைக் காசாகக் கொடுத்தார்கள். பின்னால் பசை, கோடை வெயில், வியர்வை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஜான் கால்ட் என்பவர் தபால் தலையைப் பித்தளை வில்லைக்குள் வைத்து, மேலே மைக்கா தகடு மூடி விற்றார். கடைகள் சொந்தச் சீட்டுகளை அச்சிட்டன.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1 டாலருக்குக் குறைவான தனியார் சீட்டுகளுக்குத் தடை. பதிலாக ஆகஸ்டில் அரசே 5, 10, 25, 50 சென்ட் காகிதங்களை வெளியிட்டது. 1876 வரை இந்தச் சில்லறை நோட்டுகள் வந்துகொண்டிருந்தன. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அச்சு வேலையைக் கவனித்த ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி 5 சென்ட் நோட்டில் தன் படத்தையே போட்டுவிட்டார். கடுப்பான நாடாளுமன்றம், உயிரோடு இருப்பவர் படத்தைப் பணத்தில் போடக் கூடாது என்று 1866-ல் சட்டமே கொண்டுவந்தது. ஆனாலும் எந்த ஊர், எந்தக் கடை என்று யோசிக்காமல் வாங்கக்கூடிய சில்லறை மக்களுக்குக் கிடைத்தது.

மூன்று கேள்விகள்

இத்தனை கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், சில்லறைக்குப் பதிலாக யார் எதைக் கொடுத்தாலும் நாம் கேட்க வேண்டியது மூன்றுதான். யாருடைய பொறுப்பு? எங்கெல்லாம் செல்லும்? எதுவரை செல்லும்?

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்: பொறுப்பு கண்டக்டர் என்ற தனி மனிதருடையது. செல்லும் இடம் ஒரே ஒரு பஸ். ஆயுள் நான் இறங்கும் வரை.

கடைக்காரர் தரும் மிட்டாய்: அவரிடமே திருப்பி நீட்டினால் வாங்கமாட்டார். ஆயுள் வாயில் போடும் வரை.

இப்போது மொபைலைத் திறங்கள். ஆர்டர் ரத்தானபோது ஒரு ஆப் உங்கள் பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பாமல், தன் வாலட்டிலேயே 'கிரெடிட்' என்று போட்டு வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆப்பில் மட்டும்தான் செல்லும். கீழே சின்ன எழுத்தில் ஒரு காலாவதித் தேதி. அலுவலக கேன்டீன் கார்டில் மிச்சம் இருக்கும் 38 ரூபாய், மாலில் விளையாட ரீசார்ஜ் செய்த கார்டில் தங்கிய 65 ரூபாய், எல்லாம் இதே ஜாதிதான். காகிதம் போய் திரை வந்திருக்கிறது. மற்றபடி மினி காசோலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 31-ன்படி, 'கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவேன்' என்ற வகைச் சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிட முடியாது. ஆனால் ஒரு நிறுவனம், தன்னிடம் பொருள் வாங்க மட்டுமே பயன்படும் கார்டையோ வாலட்டையோ கொடுத்தால் அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அங்கேதான் நம் சின்னச் சின்ன மீதிகள் போய் மாட்டிக்கொள்கின்றன.

'யுபிஐ வந்தாச்சே, இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு?'

நியாயமான கேள்வி. 23 ரூபாயை 23 ரூபாயாகவே அனுப்ப முடியும்போது மீதி என்ற பேச்சே இல்லை. பல பஸ்களில் இப்போது அந்த வசதியும் இருக்கிறது. சில்லறைப் பிரச்சினைக்கு இதுவரை வந்ததில் நல்ல தீர்வு இதுதான்.

ஆனால் அது வேலை செய்ய ஸ்மார்ட்போன் வேணும், சார்ஜ் வேணும், சிக்னல் வேணும், கணக்கில் பணம் வேணும். கீரைக் கூடையோடு ஏறும் பாட்டிக்கு இந்த நான்கும் ஒன்றாக அமைவது கஷ்டம். நமக்கு 7 ரூபாய் மறந்துபோகிற தொகை. அவருக்கு அது ஒரு டீக்குப் பாதி. இன்னும் காசில் கொடுத்து வாங்குபவர்கள் யாரோ, சில்லறை இல்லாததன் நஷ்டமும் அவர்கள் தலையில்தான் விழும்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ஒரு பஸ்ஸில் நாளுக்குப் பத்துப் பேர் தலா 5 ரூபாய் மீதியை மறந்தால் 50 ரூபாய். மாதத்துக்கு 1,500 ரூபாய். யாரும் திருடவில்லை. யாரும் புகார் கொடுக்கப்போவதும் இல்லை. ஆனால் பணம் இடம் மாறிவிட்டது.

இதற்காகக் கண்டக்டரைத் திட்டிப் பயனில்லை. காலை முதல் ட்ரிப்பிலேயே முப்பது பேர் 100 ரூபாய் நீட்டினால் அவர் எங்கே போவார்? அவசரத்தில் டிக்கெட்டைத் திருப்பி எழுதுகிறார். பிழை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலில், அந்த '7'-ஐப் பேனாவால் எழுத வேண்டாம், மெஷினிலேயே அச்சிடலாம். டிக்கெட் அடிக்கும் கருவி இருக்கிறது. 'மீதி 7 ரூபாய்' என்று டிக்கெட்டிலேயே பதிந்தால் அது கண்டக்டரின் கடன் என்பது போய், போக்குவரத்துக் கழகத்தின் கடன் ஆகிவிடும். அடுத்த நாள் வேறு பஸ்ஸிலோ, பேருந்து நிலைய அலுவலகத்திலோ காட்டி வாங்கலாம். போன் இருப்பவருக்கு யுபிஐ-யிலேயே அனுப்பிவிடலாம். இலங்கையின் கிழியும் நோட்டும் அமெரிக்காவின் சில்லறை நோட்டும் எடுபட்டதற்குக் காரணம், அவற்றின் பின்னால் ஒரு தனிமனிதரோ ஒரு கடையோ இல்லை, அரசு நின்றது என்பதுதான்.

இரண்டாவது, ஆப்களில் 'ஆஃபர்' வேறு, 'ரீஃபண்ட்' வேறு. இலவசமாகக் கொடுத்த கூப்பனுக்குக் காலாவதித் தேதி போடட்டும். நான் கட்டிய பணம் எனக்குத் திரும்பி வரும்போது அதற்கு எதற்குக் காலாவதி? வந்த வழியிலேயே வங்கிக் கணக்குக்குப் போவதுதான் வழக்கமான முறையாக இருக்கணும். வாலட்டில் போடுவது வாடிக்கையாளர் கேட்டால் மட்டும். இதை விதியாகவே கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, நாமும் கொஞ்சம் திருந்தணும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் 10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்ததை மறந்திருக்கமாட்டீர்கள். '15 கோடு இருந்தா போலி, 10 கோடு இருந்தா ஒரிஜினல்' என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. செல்லும் காசை வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஒதுக்கிவிட்டு, அடுத்த நிமிடமே "சில்லறை இல்ல" என்று மிட்டாய் ஜாடியைத் திறப்பது என்ன நியாயம்? வீட்டு உண்டியலில் தூங்கும் காசுகளையும் மாதம் ஒருமுறை கடைக்கு எடுத்துப் போகலாம். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் சட்டப்படி செல்லும்.

அந்த டிக்கெட் இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. எழுத்து மங்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் போட்ட வட்டம் மட்டும் தெரிகிறது. இத்தாலிக்காரர்களைப் போல ஆல்பத்தில் ஒட்டி வைக்க எனக்கு ஆசையில்லை. எனக்கு என் 7 ரூபாய் வேணும். அதை யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு பதிலும் வேணும்.